ஊசி மருந்தில் ஈரலைத் தாக்கியது எது? ஈசூன் வாசகிக்கு ஒரு மருந்தாளரின் பதில்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் வசிக்கும் 71 வயதான என் தந்தைக்கு நீரிழிவும் ஈரலில் கொழுப்பும் உண்டு. சென்ற மாதம் அவருடைய இதயத் துடிப்பு திடீரென ஒழுங்கு தவறி மிக வேகமாகிவிட்டதால் மருத்துவமனையில் சேர்த்தோம். அமியோடரோன் என்ற மருந்தை ரத்த நாளம் வழியாக இரவு முழுவதும் ஏற்றினார்கள். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி மருந்தை நிறுத்தினார்கள். எண்கள் ஒரு வாரத்தில் நன்றாக இறங்கிவிட்டன. ஆனால், வீடு திரும்பும்போது அதே அமியோடரோனை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நாங்கள் பதறிப்போய்க் கேட்டதற்கு, மருந்து காரணமாக இல்லாமல் ஊசியில் கலந்திருக்கும் வேறொரு பொருள் காரணமாக இருக்கலாம் என்று அங்கிருந்த மருந்தாளர் கூறினார். மருந்தே அல்லாத ஒரு பொருள் ஈரலைக் கெடுக்குமா? மாத்திரையைக் கொடுக்கலாமா? அந்தப் பொருள் தடுப்பூசியிலும் ஐஸ்கிரீமிலும்கூட இருப்பதாகப் படித்தேன். இனி அப்பா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா? கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் ஈரல் சீக்கிரம் தேறும் என்று அம்மா சொல்கிறார். அதுவும் சரியா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் தந்தை தேறி வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. மாத்திரையைப் பார்த்து நீங்கள் பதறியது இயல்பே. ஒரு மருந்தின் பெயரோடு ஆபத்து ஒருமுறை சேர்ந்துவிட்டால், அதே பெயர் தாங்கிய எதையும் வீட்டுக்குள் விட மனம் ஒப்பாது. ஆயினும் அந்த மருந்தாளர் உங்களிடம் கூறியதற்கு மருத்துவத்தில் உறுதியான அடிப்படை இருக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்ததை அலட்சியம் என்று எண்ண வேண்டியதில்லை. அடுத்த சந்திப்புக்குள் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தினால் துடிப்பு மீண்டும் ஒழுங்கு தவறக்கூடும். அவர் மீண்டும் அவசரப் பிரிவுக்குப் போய், மீண்டும் அதே ஊசியைப் பெறும் நிலைகூட வரலாம்.

ஊசியில் வேறு பொருள்களை ஏன் கலக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமியோடரோன் எண்ணெய்த் தன்மை கொண்ட மூலக்கூறு. தண்ணீரில் அது எளிதில் கரைவதில்லை. மாத்திரையாக இருந்தால் உணவோடு சேர்ந்து குடலில் மெல்ல உறிஞ்சப்படும். ரத்த நாளத்தில் ஏற்ற வேண்டுமானால் தெளிந்த திரவமாக இருந்தாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைச் சோப்பு எப்படித் தண்ணீரோடு இணக்கமாக்குகிறதோ, அப்படி இந்த மருந்தை நீரோடு இணக்கமாக்கும் வேலையைப் பாலிசார்பேட் 80 என்ற பொருள் செய்கிறது. பரவலாகப் பயன்படும் அமியோடரோன் ஊசியின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 50 மில்லிகிராம் மருந்தும், அதைப்போல் இரு மடங்காக 100 மில்லிகிராம் பாலிசார்பேட் 80-உம், சுமார் 20 மில்லிகிராம் பென்சைல் ஆல்கஹாலும் இருக்கின்றன. இதய நோய்ப் பிரிவுகளில் வழக்கமான ஒரு முறைப்படி முதலில் 300 மில்லிகிராமும், பிறகு நாள் முழுவதும் 900 மில்லிகிராமும் ஏற்றுவார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் 24 மில்லிலிட்டர். அதாவது, 1.2 கிராம் மருந்தைப் பெற்ற அதே உடல் 2.4 கிராம் பாலிசார்பேட் 80-ஐயும் நேராக ரத்தத்தில் பெற்றிருக்கிறது. எடையளவில் மருந்தைவிட அதைக் கரைக்கச் சேர்த்த பொருளே அதிகம் என்பது மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று.

பாலிசார்பேட் 80 ரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் கலக்கும்போது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தை இறக்கும். அமியோடரோனை விரைவாக ஏற்றும்போது அழுத்தம் சரிவதில் இந்தக் கரைப்பானுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. செல்களின் மேலுறை கொழுப்பால் ஆனது. கொழுப்பைக் கரைக்கும் தன்மையுள்ள பொருள் அந்த உறையைக் குலைக்க வல்லது. குடலிலிருந்து வரும் ரத்தமும் இதயத்திலிருந்து வரும் ரத்தமும் ஈரலின் நுண்குழாய்களில் ஒன்றுகலந்து மெல்ல ஊர்கின்றன. அந்நியமான எதையும் பிடித்துச் சிதைக்கும் பொறுப்பு அங்கேதான் இருக்கிறது. எனவே, அந்தப் பொருளை அதிக நேரம் எதிர்கொள்ளும் உறுப்பாக ஈரல் அமைந்துவிடுகிறது.

இந்த விளைவை அடையாளம் காண உதவுவது அதன் கால ஒழுங்கு. அமியோடரோன் ஊசி தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் ஈரல் நொதிகள் கிடுகிடுவென ஏறி, பலருக்கு ஆயிரங்களைத் தொடுகின்றன. ஊசியை நிறுத்தியதும் இறங்கத் தொடங்குகின்றன. உங்கள் தந்தைக்கும் அப்படியே நடந்திருக்கிறது. நொதிகளில் ஏஎல்டி என்று நீங்கள் அறிக்கையில் பார்த்தது ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 2 நாள் ஆகும் என்பதால், ஒரு வாரத்தில் எண்கள் நன்றாக இறங்கியது புதிய சேதம் நின்றுவிட்டதையே காட்டுகிறது. மாத்திரையால் வரும் ஈரல் பாதிப்பின் முகமோ வேறு: அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், ஓசையின்றி வளர்வது. இன்னொரு முக்கியமான சான்றும் உண்டு. ஊசியால் ஈரல் கடுமையாகத் தாக்கப்பட்டுத் தேறிய நோயாளிகள் பிறகு அமியோடரோன் மாத்திரையை உட்கொண்டு, அதே பாதிப்பு திரும்பாமல் இருந்ததை மருத்துவர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்து ஒன்றே, கரைப்பான் மட்டும் இல்லை, தாக்குதலும் இல்லை என்னும்போது ஐயம் கரைப்பானின் மீது திரும்புவது நியாயமானது. இவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய பதிவுகளே தவிர, பெருந்திரளான மக்களை இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வுகள் அல்ல. எனவேதான் உங்கள் மருந்தாளர் "இருக்கலாம்" என்ற சொல்லைப் பயன்படுத்தினார், அதை நான் மதிக்கிறேன்.

மருந்தின் துணைப்பொருள் ஈரலைக் கெடுக்குமா என்ற உங்கள் கேள்விக்கு மருத்துவ வரலாறு மிகுந்த வேதனையோடு விடை சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. 1983-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இ-ஃபெரோல் என்ற பெயரில், ரத்த நாளத்தில் செலுத்தத்தக்க வைட்டமின் இ சந்தைக்கு வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்களைக் காக்க அது உதவும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. வைட்டமின்தானே என்று கருதப்பட்டதால், புதிய மருந்துக்குரிய ஒப்புதல் நடைமுறையின் வழியாக அது செல்லவில்லை. வைட்டமின் இ எண்ணெயில் மட்டுமே கரையும்; ஆகவே, அதில் 9 விழுக்காடு பாலிசார்பேட் 80-உம் 1 விழுக்காடு பாலிசார்பேட் 20-உம் சேர்க்கப்பட்டிருந்தன. ஒரு கிலோகிராமைச் சுற்றி எடையிருந்த பச்சிளம் குழந்தைகளுக்கு அது நாள்தோறும் ஏற்றப்பட்டது. சில வாரங்களில் அவர்களுக்கு ஈரல் வீங்கியது, காமாலை தோன்றியது, வயிற்றில் நீர் கோத்தது, சிறுநீரகம் செயலிழந்தது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. 1984 ஏப்ரலில் அந்த மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் 38 குழந்தைகள் இறந்திருந்தனர். இறந்த குழந்தைகளின் ஈரல் திசுக்களை ஆராய்ந்தபோது பித்தம் தேங்கியிருந்ததும், ஈரலின் நுண்ணிய ரத்தப் பாதைகள் அழற்சியுற்று அடைபட்டிருந்ததும் தெரியவந்தன. வைட்டமின் இ-யின் அளவுக்கும் இதில் பங்கிருந்திருக்கலாம் என்ற விவாதம் உண்டெனினும், முதன்மையான ஐயம் பாலிசார்பேட்டின் மீதே நிலைத்தது. ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு துணைப்பொருள் உள்ளே போகிறது என்ற கணக்கை யாரும் போட்டுப் பார்க்காததால் அத்தனை பிள்ளைகளை இழக்க நேர்ந்தது என்பதை மருந்தாளர் பணிக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி, உங்கள் தந்தையின் விஷயத்தில் நீங்கள் விட்டுவிடக் கூடாத மற்றொரு சாத்தியத்தைச் சொல்ல வேண்டும். இதயம் நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் தாறுமாறாகத் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைந்துவிடும். அதோடு ரத்த அழுத்தமும் சரிந்தால் ஈரலுக்குப் போதிய ரத்தமும் உயிர்வளியும் கிடைக்காமல் அதன் செல்கள் மடியும். அந்த நிலையிலும் நொதிகள் இதேபோல் ஒரே நாளில் ஆயிரங்களுக்கு ஏறி, ரத்த ஓட்டம் சீரானதும் இதேபோல் விரைவாக இறங்கும். ஆகவே, பரிசோதனை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் கடினம். சில நோயாளிகளிடம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்திருக்கும்: ஏற்கெனவே ரத்தம் குறைந்து தவித்த ஈரலுக்குக் கரைப்பானும் அழுத்தச் சரிவும் மேலும் சுமையாகியிருக்கும். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம், ஊசி தொடங்குவதற்கு முன்னும் பின்னும் அப்பாவின் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது, ஊசிக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் எப்படி இருந்தன என்ற இரண்டையும் கேளுங்கள். ஊசிக்கு முன்பே எண்கள் ஏறியிருந்தால் ரத்த ஓட்டக் குறைவே காரணமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்; முன்பு சரியாக இருந்து, அழுத்தமும் பெரிதாகச் சரியாமல், ஊசிக்குப் பிறகே ஏறியிருந்தால் ஊசியின் மீதான ஐயம் வலுக்கும். எந்த அளவில், எந்த வேகத்தில் ஏற்றினார்கள் என்பதும் குறிப்பேட்டில் இருக்கும். பரிந்துரைத்ததைவிட அடர்த்தியாகவும் வேகமாகவும் ஏற்றியபோது ஈரல் செல்கள் பெருமளவில் மடிந்து உயிரிழப்பு வரை போனதாக மருந்தின் அதிகாரபூர்வத் தகவலேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

மாத்திரைக்கு வருகிறேன். அமியோடரோன் மாத்திரையில் வழக்கமாக இருப்பவை லாக்டோஸ், சோள மாவு, போவிடோன் போன்ற, மாத்திரையைக் கட்டி உருவாக்கும் பொருள்களே. தயாரிப்பாளர் மாறினால் சிறு வேறுபாடுகள் இருக்கலாம் என்பதால், உங்கள் கையில் இருக்கும் பெட்டியை மருந்தகத்தில் காட்டி ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் இத்தகைய மருந்துகள் பொதுவாகச் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவு பெற்றவை, அவற்றின் தகவலேட்டில் துணைப்பொருள்களின் பட்டியலும் வழக்கமாக இருக்கும். ஊசியில் நடந்தது மாத்திரையில் திரும்பும் என்று அஞ்சத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால், மாத்திரைக்கென்று ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். அமியோடரோன் மருந்தே, நீண்ட காலம் உட்கொள்பவர்களில் கணிசமானோருக்கு ஈரல் நொதிகளை ஓரளவு ஏற்றும். சிறுபான்மையினருக்கு உண்மையான ஈரல் நோயை உண்டாக்கும். அது உடலின் கொழுப்பில் படிந்து தங்கிவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாகச் சுமார் 58 நாள் ஆகும். இன்று நிறுத்தினாலும் அது உடலை விட்டு நீங்க மாதங்கள் ஆகும் என்பதால், பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இந்த மருந்துக்கு மற்ற மருந்துகளைவிட முக்கியம்.

பொதுவாக, மாத்திரை தொடங்கும்போதும் அதன்பின் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் ஈரல், தைராய்டு பரிசோதனைகளைச் செய்வார்கள். உங்கள் தந்தையின் ஈரல் இப்போதுதான் ஓர் அடியிலிருந்து மீண்டிருக்கிறது, ஏற்கெனவே கொழுப்பும் படிந்திருக்கிறது. எனவே, முதல் பரிசோதனையை 2 வாரங்களுக்குள்ளும், பிறகு சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறையும் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்கும்படி நான் சொல்வேன். நொதிகள் இயல்பின் மேல் எல்லையைப் போல் 3 மடங்கைத் தாண்டினாலோ, தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்த எண் இரட்டித்தாலோ அளவைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ மருத்துவர்கள் கருதுவார்கள். வெறும் நொதி எண்ணை மட்டும் பார்த்துக் கலங்காமல், ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப் பொருளான பிலிருபினின் அளவையும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை இவை நொதிகளைவிட நன்றாகச் சொல்லும். அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவராக இருந்தால் அதன் விளைவை அமியோடரோன் மிகவும் கூட்டிவிடும்; கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் உட்கொண்டால் அது நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரிழிவுள்ள பெரியவர்கள் பலர் இந்த மருந்துகளைப் பல ஆண்டுகளாக எடுத்துக்கொள்வதால், எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருந்தாளரிடம் எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல், உடல்வலி என்றால் நாம் யோசிக்காமல் எடுக்கும் பனடோல் (பாரசிட்டமால்) விஷயத்தில், ஈரல் முழுவதும் தேறும் வரை அப்பாவுக்கு நாளுக்கு எத்தனை மாத்திரை என்ற வரம்பை மருத்துவரே சொல்லட்டும்.

உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும், ஈரலில் கொழுப்புள்ளவருக்குத் தொடர்புடைய இன்னொன்று இருக்கிறது. துணைப்பொருள் ஈரலைத் தாக்குவது ஒரு வகை. ஈரலால் துணைப்பொருளைச் சமாளிக்க முடியாமல் போவது மற்றொரு வகை. ஊசிகளில் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கப்படும் பென்சைல் ஆல்கஹாலை ஈரல் பென்சாயிக் அமிலமாக மாற்றி, கிளைசின் என்ற அமினோ அமிலத்துடன் இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். முதிராத ஈரலால் இந்த இணைப்பைச் செய்ய இயலாது. 1982-இல் அமெரிக்காவின் 2 மருத்துவ மையங்களில் 16 பச்சிளம் குழந்தைகள் இறந்ததற்கு, குழாய்களைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீரில் இருந்த பென்சைல் ஆல்கஹால் தேங்கி ரத்தத்தை அமிலமாக்கியதே காரணம் என்று தெரியவந்தது. அதன் பிறகே பச்சிளம் குழந்தைகளுக்கு அது இல்லாத திரவங்களைப் பயன்படுத்தும் வழக்கம் உறுதிப்பட்டது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டோயின், லோராசெபாம் ஊசிகளில் உள்ள புரோபிலீன் கிளைக்காலும் இப்படியே: மதுவைச் சிதைக்கும் அதே நொதியால் ஈரல் அதை லாக்டிக் அமிலமாக்குகிறது, மீதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. தீவிரச் சிகிச்சையில் நாள்கணக்கில் அதிக அளவு ஏற்றப்படும்போது, ஈரலும் சிறுநீரகமும் தளர்ந்தவர்களின் ரத்தத்தில் அமிலம் பெருகிவிடும். உங்கள் தந்தைக்கு ஒருமுறை போடும் ஊசிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நாள்கணக்கில் தொடர்ந்து ஏற்றும் மருந்துகளின்போது அவருடைய ஈரல் நிலையை மருத்துவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

தடுப்பூசி, ஐஸ்கிரீம் பற்றிய உங்கள் அச்சத்துக்கு எண்களே விடை சொல்லும். நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசிகளில் ஒன்றான 13 வகை நியூமோகாக்கல் தடுப்பூசியின் ஒரு தவணையில் இருப்பது 100 மைக்ரோகிராம் பாலிசார்பேட் 80. ஒரு நாள் முழுவதும் ஏற்றப்படும் அமியோடரோன் ஊசியில் இருக்கும் 2.4 கிராம் அதைப்போல் 24,000 மடங்கு. மேலும், தடுப்பூசி தசையில் போடப்படுவதால் அந்தச் சிற்றளவும் மெல்லவே ரத்தத்தில் சேரும். சளிக்காய்ச்சல், நிமோனியா இரண்டுக்குமான தடுப்பூசிகள் 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சிங்கப்பூரில் பரிந்துரைக்கப்படுகின்றன. நீரிழிவும் இதய நோயும் உள்ள உங்கள் தந்தை அவற்றைத் தவிர்த்தால் இழப்பு அவருக்குத்தான். ஊசி போட்ட சில நிமிடங்களில் உடல் தடித்து, மூச்சுத் திணறும் ஒவ்வாமை பாலிசார்பேட்டுக்கு அரிதாக வருவதுண்டு. அது உங்கள் தந்தைக்கு நேர்ந்ததிலிருந்து முற்றிலும் வேறானது. அத்தகைய அறிகுறி அவருக்கு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஐஸ்கிரீமில் இது இ433 என்ற எண்ணோடு சேர்க்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண் அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, வாய்வழியாக ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளலாம் என்று வரையறுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.5 கிராம். ஊசியின் 2.4 கிராமோடு இதை ஒப்பிட்டால் அளவில் பெரிய இடைவெளி இல்லை; விளைவில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. வாய்வழி போகும்போது குடலில் அது உடைபட்டு, கொழுப்பமிலப் பகுதி சாதாரண உணவுக் கொழுப்பைப்போல் உறிஞ்சப்படுகிறது. மீதி பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. எனவே ஐஸ்கிரீமைப் பொறுத்தவரை அப்பா எண்ண வேண்டியது அவருடைய சர்க்கரையைத்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு, நீங்கள் உடனடியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையை வலியுறுத்துகிறேன். மருத்துவமனைப் பதிவில் இந்த நிகழ்ச்சி எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அமியோடரோன் ஒவ்வாமை" என்று மட்டும் எழுதியிருந்தால் இரு வகையில் தீங்கு நேரும்: வேறொரு மருத்துவர் அதைப் பார்த்து, அப்பாவுக்கு உதவிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாம், அல்லது, மாத்திரை உட்கொள்கிறாரே, ஒவ்வாமை என்பது பிழையான பதிவு என்று கருதி ஊசியை மறுபடி ஏற்றிவிடலாம். "பாலிசார்பேட் 80 கொண்ட அமியோடரோன் ஊசி தொடங்கிய ஒரு நாளுக்குள் கடுமையான ஈரல் நொதி உயர்வு, நிறுத்தியபின் தேறினார், மாத்திரை உட்கொள்கிறார்" என்று தேதியோடும் ஏற்றிய அளவோடும் பதிவாக வேண்டும். இதைத் திருத்தும்படி மருத்துவமனை மருந்தாளரிடம் தயங்காமல் கேளுங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு இந்தப் பக்கவிளைவைத் தெரிவித்தார்களா என்றும் கேட்கலாம், அவ்வகை அறிக்கைகள் சேர்ந்துதான் மற்றவர்களுக்கான எச்சரிக்கைகள் உருவாகின்றன. தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்திலும், ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும் வழக்கமுள்ள குடும்பம் என்றால், திருச்சியிலோ சென்னையிலோ ஓர் இரவில் துடிப்பு எகிறும்போது அங்குள்ள மருத்துவரிடம் சிங்கப்பூர்ப் பதிவு எதுவும் இருக்காது. மேலே சொன்ன வரிகளை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, அப்பாவின் பணப்பையில் ஒரு பிரதியும் உங்கள் கைப்பேசியில் படமாக ஒன்றும் வைத்திருங்கள்.

அந்தக் குறிப்பில் "எக்காலத்திலும் கொடுக்கக் கூடாது" என்று எழுத வேண்டாம். இதயம் நின்றுபோகும் சில தருணங்களில் அமியோடரோன் ஊசியே உயிரை மீட்கும். அப்போது கொடுக்கும் 300 மில்லிகிராம் ஒரே தவணை, மேலே சொன்ன முறைப்படி ஒரு நாளில் ஏற்றும் மொத்த அளவில் கால் பங்குதான். வேறு வழி இருக்கிறதா, இல்லையா என்பதை அந்த நேரத்து மருத்துவர் முடிவு செய்யட்டும். பாலிசார்பேட் 80-உம் பென்சைல் ஆல்கஹாலும் இல்லாமல், சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளால் கரைக்கப்பட்ட அமியோடரோன் ஊசி அமெரிக்காவில் பயன்பாட்டில் இருக்கிறது. துடிப்பைக் கட்டுப்படுத்த வேறு மருந்துகளும் உள்ளன. பிற்காலத்தில் அப்பாவுக்கு எப்போதாவது டோசிடாக்செல், எட்டோபோசைடு போன்ற புற்றுநோய் மருந்துகள் தேவைப்பட நேர்ந்தால், அவற்றிலும் பாலிசார்பேட் 80 அதிகம் இருப்பதால் இந்தக் குறிப்பு அங்கும் பயன்படும்.

கடைசியாக, அம்மாவின் கீழாநெல்லி. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக வரும் வழக்கம். அம்மாவின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இப்போது வேண்டாம் என்று அவரிடம் என் சார்பில் சொல்லுங்கள். அடுத்த சில மாதங்களில் அப்பாவின் ஈரல் எண்கள் ஏறினால், அது மாத்திரையாலா, ஈரல் கொழுப்பாலா என்று மருத்துவர் கண்டறிய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சாறு, பொடி, லேகியம், ஜாமு என்று வேறு எதுவும் உள்ளே போயிருந்தால் காரணத்தைப் பிரித்துச் சொல்ல இயலாமல், தேவையான மாத்திரையையே நிறுத்த நேரிடும். கீழாநெல்லிக்குச் சர்க்கரை அளவை இறக்கும் தன்மை இருக்கலாம் என்பதால் நீரிழிவு மருந்தோடு சேரும்போது அதையும் எண்ண வேண்டும். இணையத்தில் விற்கும் "ஈரல் சுத்திகரிப்பு" ஊசிகள், சொட்டு மருந்துகளின் பக்கம் யாரும் போக வேண்டாம். அவற்றில் எந்தக் கரைப்பான் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லப் பொறுப்புள்ளவர் எவரும் இல்லை. கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கருந்தேநீர் நிறத்துக்கு மாறினால், உடல் முழுவதும் அரித்தால், பசி அற்றுப்போனால், அல்லது விடாத வறட்டு இருமல் தோன்றினால் குறித்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மயக்கமோ, நெஞ்சுவலியோ, படபடப்போடு மூச்சுத் திணறலோ வந்தால் 995-ஐ அழைத்து, வரும் அவசர மருத்துவ உதவியாளர்களிடம் அந்தக் குறிப்பை முதலில் கொடுங்கள்.